வெள்ளை வானுக்குப் பயப்படாதேயுங்கோ

என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான், ஊர் அம்புலன்ஸ் ஓட்டினார். யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து எங்களை விடுவித்து, மன்னாரின் பெருநிலக் கரையோரம் இருந்த எங்கள் ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட காலம் அது. அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஒன்றைத்தான். வெள்ளை வானைக் கண்டு ஓட வேண்டாம் என்று அந்தப் பக்கத்துச் சனத்தைப் பழக்கியவர் அவர். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 

ஊர் என்று சொன்னாலும் அப்போது அங்கே ஊர் இருக்கவில்லை. கூரை போன சுவர்கள், உள்ளே முளைத்த உடை மரங்கள், மண் மூடிய கிணறுகள். வீதியின் இரண்டு பக்கமும் மிதிவெடி இருக்கிறது என்று மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். அக்காவும் அத்தானும் அவர்களின் இரண்டு பெண்பிள்ளைகளும் நானும் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். நான் அப்போது கலியாணம் கட்டவில்லை. கோயில் வளவில் மரத்தின் கீழ் நடந்த பாலர் பள்ளியில் படிப்பித்தேன். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில்.

ஆஸ்பத்திரி என்றால் பாலம் கடந்து மன்னார்ப் பட்டினத்துக்குத்தான் போகவேண்டும். பஸ் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. ஒரு பிள்ளைத்தாச்சியை உழவு இயந்திரப் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் ஊர்ச் சங்கத்துக்காரர் வெளிநாட்டில் இருந்த ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்து, ஒரு பழைய வானை வாங்கி, உள்ளே சீட்டுகளைக் கழற்றி, ஒரு கட்டிலைப் பூட்டினார்கள். பக்கங்களில் சிவப்பில் அம்புலன்ஸ் என்று எழுதினார்கள். அத்தானுக்கு வாகனம் ஓடத் தெரியும், பொறுமையும் இருந்தது. அவரையே ஓட்டச் சொன்னார்கள்.

வான் வெள்ளை நிறம். வேறு நிறத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையா என்றுதான் அக்கா கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் எங்களுக்கு ஓர் அண்ணா இருந்தார். பட்டினத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தார். யுத்தம் நடந்த நாட்களில் ஒரு பின்னேரம் கடையிலிருந்து வரும்போது ஒரு வெள்ளை வான் பக்கத்தில் வந்து நின்றது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் இல்லை அது. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் வெள்ளை வான் என்ற சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது: ஏற்றினால் ஆள் திரும்பி வராது. அம்மா மகனைத் தேடிக் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, கடைசியில் முகாமில் கண்ணை மூடினா.

"நீங்கள் ஓட்டுறதெண்டால் ஓட்டுங்கோ. ஆனால் அந்தச் சனியனை எங்கட ஒழுங்கைக்குள்ள கொண்டுவரக் கூடாது" என்றாள் அக்கா.

"ஓம்" என்றார் அத்தான்.  வேலை முடிந்ததும் வானைச் சந்தியில் இருந்த சங்கக் கொட்டகையில் விட்டுவிட்டு, வெயிலோ மழையோ, வீட்டுக்கு நடந்துதான் வருவார். ஒரு நாளும் அந்தச் சொல்லை மீறவில்லை.

அவர் சரியான வீட்டு மனிதர். இதை நான் ஒரு குறையாகத்தான் முதலில் சொல்லித் திரிந்தேன். அக்கா ஒரு தும்மல் போட்டால் இவர் கொத்தமல்லி அவிக்கத் தொடங்குவார். பிள்ளைகளுக்குத் தலை பின்னுவதும் அவர்தான். ஒரு பின்னல் கோயிலைப் பார்க்கும், மற்றது கடலைப் பார்க்கும். பெரியவள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அதை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொள்வாள். அப்பாவிடம் மூச்சு விடமாட்டாள். முதலாம் வகுப்புக்குப் போன சின்னவள் அந்தக் கோணல் பின்னலோடேயே நாள் முழுக்கத் திரிவாள். "ஊரில எல்லா ஆம்பிளையளும் சந்தியில நிண்டு அரசியல் கதைக்கினம், நீங்கள் ரிபன் கட்டிக்கொண்டு இருக்கிறியள்" என்று நான் பகிடி பண்ணுவேன். "அரசியல் கதைச்சு ஆருக்குத் தலை பின்னினது?" என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளிக்காமல் பிள்ளைகளைத் தொடமாட்டார். அந்தச் சட்டையை அக்காவிடம் கொடுக்கவும் மாட்டார், தானே தோய்ப்பார். அதில் யாருடைய இரத்தம் என்று நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

முதல் அழைப்பு உயிலங்குளத்துக்கு அப்பால், குளத்துக்கட்டோடு ஒட்டிய ஒரு வயல் கிராமத்திலிருந்து வந்தது. ஒரு வயதானவருக்கு நெஞ்சுநோ. இவர் அவசரமாக ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார். ஒழுங்கை முழுக்க ஒரு குருவியும் இல்லை. அடுப்பில் சோறு கொதித்தபடி கிடக்கிறது, ஆள் இல்லை. சைக்கிள் ஒன்று விழுந்து சில்லு சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே அந்த வயதானவர் மட்டும் பாயில் கிடக்கிறார். கூப்பிட்ட மகன்மாரே வானைக் கண்டதும் பற்றைக்குள் ஓடிவிட்டார்கள். இவர் கத்திக் கத்தி அவர்களை வெளியே எடுத்து, கிழவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போவதற்குள் பாலத்தடியில் உயிர் போய்விட்டது.

அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் தனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டார். எந்த ஊருக்குப் போனாலும் வானை ஒழுங்கை முகப்பிலேயே நிறுத்துவார். என்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்து வைப்பார். பிறகு வெறும் கையோடு நடுவீதியால் நடந்தபடி, தான் யார் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார். பெயர் சொல்வதில்லை. எந்த ஊர், எந்தக் கோயில் பங்கு, யாருடைய மருமகன், எத்தனை பிள்ளைகள் என்பதுதான் அவருடைய அடையாளம். "வெள்ளை வானுக்குப் பயப்படாதேயுங்கோ. வந்து பாருங்கோ, உள்ளுக்கு ஒரு கட்டில் மட்டும்தான் இருக்கு" என்பார். முதலில் சின்னப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களை உள்ளே ஏறி இருக்க விடுவார். பிள்ளைகள் சிரிப்பது கேட்டதும் தாய்மார் வருவார்கள். ஆம்பிளைகள்தான் கடைசி.

மழைகாலம் ஒன்று போய் அடுத்தது வந்தபோது எல்லாம் மாறிவிட்டது. வான் ஒழுங்கை முகப்பில் நிற்கத் தேவையில்லாமல் போய்விட்டது. பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பெண்கள் வேலிக்கு மேலால் எட்டி, ஆருக்குச் சுகமில்லை, ஆருக்கு ஏலாதாம் என்று கேட்டார்கள். கோயிலில் பங்குச் சுவாமி பிரசங்கத்தில்கூடச் சொன்னார், எங்கள் சனத்தின் பயம் தெளிந்துவிட்டது என்று. எல்லோருக்கும் அது சந்தோஷம். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "அத்தான், பயப்பிடுற சனத்தைப் பயப்பிட விடுங்கோ. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை."

"பயந்து ஓடினால் ஆள் செத்துப்போகும், பிள்ளை. நான் கண்டனான்."

"ஓடாட்டி?"

 அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், நாங்கள் கதையை மாற்றிவிட்டோம்.

உப்புக்காற்றில் வானில் எழுதியிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக உரிந்தன. ஒரு பக்கம் சுத்தமாகவே வெளுத்துவிட்டது. திரும்ப எழுதவேண்டும் என்று அவர் சங்கத்தில் சொல்லுவார்; அவர்கள் டயர் முதலில், பெயின்ற் பிறகு என்பார்கள். "பரவாயில்லை, எல்லாருக்கும் என்னைத் தெரியும்தானே" என்று அவரும் விட்டுவிட்டார்.

அவரைத் தெரிந்தவர்களில் எங்களுக்குத் தெரியாதவர்களும் இருந்தார்கள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் இவர் உழவு இயந்திரத்தில் காயப்பட்டவர்களை ஏற்றி இறக்கியவர். அதில் போராளிகளும் இருந்தார்களா என்று முகாமிலேயே ஆமிக்காரர் விசாரித்தார்கள். ஊருக்கு வந்த பிறகும் இரண்டொரு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். யாரை ஏற்றினாய், எங்கே இறக்கினாய், பெயர் என்ன. "காயப்பட்ட ஆக்களை ஏத்தினனான். முகம் பாத்து ஏத்தேல்லை" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வருவார். வந்ததும் வழக்கம்போலக் குளித்துவிட்டுப் பிள்ளைகளோடு இருப்பார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு கூப்பிடுவது நின்றுவிட்டது. அப்பாடா என்று நாங்கள் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்திக் கடைக்காரி என்னைக் கூப்பிட்டு, இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து சோடா குடித்தார்கள் என்றாள். நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார்களாம். அம்புலன்ஸ் ஓட்டுகிறவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார், எந்தப் பக்கத்தால் போவார் என்று கேட்டார்களாம். "ஆருக்கோ ஏலாதாக்கும் எண்டு நானும் சொல்லிப்போட்டன்" என்றாள். அவளைத் திட்ட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவளுக்கு என்ன தெரியும்? அம்புலன்ஸ்காரரைத் தேடுகிறவர்களுக்கு வீட்டில் வருத்தக்காரர் சுகமில்லாமல் இருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இன்னொரு நாள் கிணற்றடியில் அவர் தனியாக நின்றபோது நான் வாளி எடுக்கப் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றாமல் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். கடற்கரைப் பக்கம் மீன்காரரின் பழைய வாடிகள் இருந்த இடத்திலிருந்து அழைப்பு வந்ததாம், வருத்தக்காரர் இருக்கிறார் உடனே வா என்று. போனால் வருத்தக்காரரும் இல்லை, வீடும் இல்லை. கூரையில்லாத ஒரு வாடி. மணலில் புதிதாக நசுக்கிய சிகரெட் கட்டைகள். வந்த இலக்கத்துக்கு எடுத்தால் வேலை செய்யவில்லை.

"எங்கயோ நிண்டு என்னைப் பாத்தவங்கள், பிள்ளை. எனக்கு அது தெரிஞ்சது" என்றார். பிறகு, "உன்ர அக்காவுக்குச் சொல்லாதை" என்றார்.

"வேலையை விடுங்கோ அத்தான்."

"விட்டால் மட்டும்?" என்று கேட்டு, தலையில் தண்ணீரை ஊற்றினார்.

அந்தக் கிழமைதான் எங்கள் கொட்டில் கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி பூட்டினார். சந்திவரை ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பழக்கம் சின்னவளுக்கு இருந்தது. இனிமேல் வரக்கூடாது, வீட்டு வாசலில் நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார். அவள் அழுதாள். அவர் அவளைச் சமாதானப்படுத்தினார், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை இருந்தது. வானில் பிறேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றும் பட்டினத்திலிருந்து மெக்கானிக் வருவதாகச் சொல்லிச் சொல்லி ஏமாற்றுகிறான் என்றும் முறைப்பட்டுக்கொண்டே காலையில் போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னார். அக்கா முருங்கையிலை வறையும் பருப்பும் வைத்தாள்.

பள்ளிக்கூடம் விட்டுச் சின்னவள் பக்கத்து வளவு மாமியோடு வந்தாள். படலையடியிலேயே மாமியின் கையை உதறிவிட்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! எங்கட ஒழுங்கைக்குள்ள வான் வந்தது! அப்பா வானில போறார்! நான் கை காட்டினனான்!"

அக்கா அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "கொண்டு வரக்கூடாதெண்டு சொன்னனான் எல்லே? இத்தனை நாள் இல்லாத புதினமா இண்டைக்கு என்ன?"

"ஏதும் அவசரக் கேஸாக்கும் அக்கா" என்றேன்.

"அப்பா ஓட்டேல்லை. பின்னுக்கு இருந்தவர்" என்றாள் சின்னவள்.

சங்கச் செயலாளரும் சில நேரம் ஓட்டுவார். அத்தான் பின்னால் வருத்தக்காரரோடு இருந்திருப்பார் என்று அக்கா முணுமுணுத்தாள். அவருடைய சோற்றைப் போட்டு மூடிவைத்தாள். வரட்டும், இன்றைக்கு இரண்டிலொன்று கேட்கிறேன் என்றாள். அவள் கோபப்பட்டால் அவர் எப்படி முழிப்பார் என்று எனக்குத் தெரியும், நான் சிரித்தேன். சின்னவள் தங்கள் ஒழுங்கைக்குள் வான் வந்த கதையை அக்காக்காரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெயில் சாய்ந்தது. ஆள் வரவில்லை. தொலைபேசிக்கு எடுத்தால் போகவில்லை. பட்டினத்தில் நிற்கிறாராக்கும், பசியோடு வருவார் என்று அக்காவின் கோபம் தணிந்துவிட்டது. சோற்றைப் பார்சல் கட்டித் தந்து, கொட்டகையில் கொண்டுபோய் வை, வந்ததும் சாப்பிடட்டும் என்றாள். சைக்கிளில் சந்திக்குப் போனேன். வழி முழுக்க அவரிடம் என்ன சொல்லிப் பகிடி பண்ணலாம் என்று யோசித்துக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது.

கொட்டகைக்குள் வான் நின்றது. நான்கு பக்கமும் கட்டைகளை அடுக்கி அதன் மேல் நின்றது. சில்லுகளைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தார்கள். அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

மெக்கானிக் மெதுவாக நகர்ந்து வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தான்.

"இது எப்ப கழட்டினது?" என்று கேட்டேன்.

"காலமை அக்கா. நான் வந்த உடனை கழட்டினனான்."

"அத்தான் எங்கை?"

"அவர் மத்தியானம் சாப்பிட வீட்ட போறன் எண்டுட்டு நடந்து போனவர். வரேல்லையே?"

 கொட்டகை நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். அவன் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான், ஒன்றும் காதில் விழவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் இதை எந்த வாயால் சொல்வது என்ற ஒன்று மட்டும்தான் மனதில் ஓடியது. சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. வெறும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் ஒழுங்கைக்குள் வந்ததை அவள் தூரத்திலேயே கண்டாள். அவள் கத்திய சத்தத்துக்கு ஊர் கூடியது.

கூடிய ஊர் முழுக்க அந்த வானைக் கண்டிருந்தது. நடுப்பகல், நல்ல வெளிச்சம். ஒருவர் வேலி கட்டிக்கொண்டு நின்று கண்டிருக்கிறார். ஒருவர் கிணற்றில் தண்ணி அள்ளும்போது கண்டிருக்கிறார். பிள்ளைகள் பின்னால் ஓடியிருக்கிறார்கள். ஒருவரும் பற்றைக்குள் ஓடவில்லை, ஒருவரும் சத்தம் போடவில்லை. இலக்கத்தைப் பார்த்தவர்களும் இல்லை, ஓட்டியவனின் முகத்தைப் பார்த்தவர்களும் இல்லை. எங்கட வான் எண்டு நினைச்சம், எங்கட வான் எண்டு நினைச்சம் என்று ஆளுக்காள் சொல்லி அழுதார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பழக்கியபடிதான் அவர்கள் நடந்தார்கள். அந்த இரக்கமில்லாத நினைப்பு அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு அம்மா ஏறி இறங்கிய அதே படிகளில் அக்கா ஏறி இறங்கினாள். நான் கூடப் போனேன். அப்படி ஒரு கந்தோரில், கதிரையில் இருந்த ஓர் அதிகாரி பக்கத்து வளவு மாமியைச் சாட்சியாகக் கூப்பிட்டு விசாரித்தார். தமிழ் பேசுகிறவர்தான். நாங்களும் அங்கே நின்றோம்.

நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை வளைவில் திரும்பினனான் ஐயா, என்று மாமி தொடங்கினா. வான் நின்றது. பக்கத்தில் இவரும் இரண்டு பேரும் நின்றார்கள். ஒருவன் இவருடைய தோளில் கை போட்டிருந்தான். ஆருக்கு ஏலாதாம் என்று நான் கேட்டேன் ஐயா. ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை, நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்ட போங்கோ என்றார். பிள்ளை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடப் பார்த்தது. அதில நில்லு குஞ்சு, அம்மாட்டப் போ, அப்பா வாறன் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ஏறினார்.

"இழுபறிப்பட்டவரா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை ஐயா."

"சத்தம் போட்டவரா? உதவிக்கு ஆரையும் கூப்பிட்டவரா?"

"இல்லை. பேசாமல் ஏறினவர்."

அதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். "அப்ப அவர் தன்ர விருப்பத்திலதானே போயிருக்கிறார். இதைக் கடத்தல் எண்டு நாங்கள் என்னெண்டு சொல்லுறது?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, நல்லதாக ஒன்றும் இருந்திருக்காது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். 

"பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டது, ஐயா" என்றாள்.